கூகுளுக்கு முன் நீங்கள் எதில் தேடினீர்கள்: யாகூவா, ஆல்டாவிஸ்டாவா?

செக்காலைக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கல்லூரியில் கணினி படிக்கிறாள். கூகுள் இல்லாத காலத்தில் இணையத்தில் ஒன்றைத் தேட வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள் என்று சென்ற வாரம் பேச்சுவாக்கில் கேட்டாள். நான் யாகூ என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மைத்துனர் ஆல்டாவிஸ்டா என்றார். குழம்பு ஆறிப்போன பிறகும் எங்கள் வாக்குவாதம் ஆறவில்லை. அதை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். 1997-இல் நான் காரைக்குடியில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கணினிக்கூடத்தில் ஒரு மாணவனுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான் இணையம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் எந்த ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் எது வந்து விழும் என்பது எனக்குத் தெரியாது. அப்படிப்பட்டவனிடம் ஒரு வெற்றுப் பெட்டியைக் காட்டிக் கேள் என்று சொல்வதைவிட, அலமாரியைத் திறந்துவிட்டுப் பார்த்து எடுத்துக்கொள் என்று சொல்வது பெரிய உதவி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் 1994-இல் தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பட்டியல் போட ஆரம்பித்ததில் பிறந்ததுதான் யாகூ. ஆகவே அது தேடுபொறியாக இருந்ததைவிட வகைப்படுத்திய பட்டியலாகவே இருந்தது. வட்டாரம், நாடுகள், இந்தியா, மாநிலம் என்று ஒவ்வொரு படியாகத் திறந்துகொண்டு போவது, நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பில் நுழைந்து, முற்றமுள்ள வளவைக் கடந்து, அடுத்த பகுதியான இரண்டாம் கட்டு வழியாக அடுப்படிக்குப் போய்ச் சேர்வது போலத்தான் எனக்குத் தோன்றும். நடுவில் வழி தவறினால் ஒரு கட்டு பின்னால் வந்தால் போதும். வீட்டைவிட்டே வெளியே போய்விட மாட்டோம்.

இன்னொன்றும் உண்டு. பட்டியலில் ஏறிய ஒவ்வொரு தளத்தையும் ஒரு மனிதர் திறந்து பார்த்து, இது இந்த இடத்துக்கு உரியது என்று முடிவு செய்து சேர்த்திருந்தார். அதனால் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் குப்பை இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். கூகுள் வழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் உங்களுக்குப் பிடித்த தேடுபொறி எது, எதற்காகப் பிடித்தது, அதில் நீங்கள் உண்மையில் எதைத் தேடினீர்கள்? பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், தேடிய பொருளையும் சேர்த்து எழுதினால் என் மகளுக்கும் விளங்கும்.


தேவகோட்டையான்:

தம்பி, உங்கள் மைத்துனர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது, காரணத்தையும் சொல்கிறேன்.

யாகூவின் அலமாரியில் நம் ஊருக்கு என்ன இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அங்கே இருந்தவை தளங்களின் பெயர்கள் மட்டுமே. தளத்துக்குள் நாற்பதாவது பக்கத்தில் யாரோ ஒரு வரி எழுதியிருந்தால், அந்த வரி பட்டியலுக்குத் தெரியாது. எனக்கு வேண்டியிருந்ததோ அந்த ஒரு வரிதான். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் பெகு பக்கம் கடை வைத்திருந்தவர். பெட்டியடிப் பையனாக, அதாவது கடை எடுபிடியாகப் போய், அடுத்தாள் என்கிற உதவியாளராகி, பிறகு சொந்தமாகக் கடை வைத்து, 1942-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். அந்த ஊரைப் பற்றி எங்காவது நாலு வரி கிடைக்குமா என்பதுதான் 1998-இல் என் தேடல்.

ஆல்டாவிஸ்டா 1995 டிசம்பர் 15 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் தன் ஆல்ஃபா கணினிகளின் வேகத்தை உலகுக்குக் காட்டுவதற்காகவே அதை நடத்தியது என்று சொன்னால் தவறாகாது. தொடக்கத்திலேயே ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் பக்கங்களின் முழுச் சொற்களையும் அது தன்னிடம் ஏற்றி வைத்திருந்தது. இதன் சூட்சுமம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. வட்டிக்கடையில் அன்றாடம் நடப்பதைச் சிட்டையில் நாள் வாரியாக எழுதுவோம். பிறகு அதையே பேரேட்டில் ஆள் வாரியாக ஏற்றுவோம். ஒருவருடைய கணக்கைக் கேட்டால் சிட்டையை முதலிலிருந்து புரட்டுவதில்லை, பேரேட்டில் அவர் பெயருள்ள பக்கத்தைத் திறந்தால் எல்லா வரவும் பற்றும் அங்கேயே இருக்கும். இணையப் பக்கங்கள் எல்லாம் சிட்டை என்றால், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று எழுதி வைத்த பேரேடுதான் ஆல்டாவிஸ்டா. கணக்கப்பிள்ளைக்கு இதை இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

ஆனால் எனக்கு அது பிடித்துப்போனதற்கு உண்மையான காரணம் நட்சத்திரக் குறி. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுகிற கூத்து உங்களுக்குத் தெரியும். காரைக்குடிக்கு ஒரு 'கே' போடுகிறவரும் உண்டு, இரண்டு 'கே' போடுகிறவரும் உண்டு. செட்டியார் என்பதற்கு இங்கே 'ஐ' போடுவார்கள், பர்மாவைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர்கள் 'ஒய்' போடுவார்கள். ஆல்டாவிஸ்டாவில் குறைந்தது மூன்று எழுத்துகளைத் தட்டிவிட்டு ஒரு நட்சத்திரக் குறியை வைத்தால், அதற்குப் பின்னால் எந்த முடிவு வந்தாலும் சேர்த்துக் கொடுத்துவிடும். 'செட்' என்பதற்குரிய ஐந்து எழுத்தைத் தட்டி நட்சத்திரம் வைத்தால் செட்டி, செட்டியார், செட்டிநாடு எல்லாம் ஒரே வலையில் விழும்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. காரைக்குடிக்காக 'காரைக்' வரை தட்டி நட்சத்திரம் வைத்தால் காரைக்கால் முழுவதும் அம்மையாரோடு சேர்ந்து வந்துவிடும். பிறகு கழித்தல் குறி போட்டுக் காரைக்காலை வெளியே அனுப்ப வேண்டும். செட்டிநாடு என்று கேட்டால் கோழிதான் வரும். உலகத்தில் உள்ள உணவகங்கள் எல்லாம் நம் ஊர்ப்பெயரைக் கோழிக்குச் சூட்டியிருந்ததால், கோழி, மிளகு, உணவகம் என்று மூன்று சொல்லுக்கும் முன்னால் கழித்தல் குறி போட்ட பிறகுதான் வீடும் கோவிலும் கண்ணில் படும்.

விரிவான தேடல் பக்கத்தில் 'நியர்' என்ற ஒரு கட்டளை இருந்தது. இரண்டு சொற்களுக்கு இடையில் அதைப் போட்டால், அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பத்துச் சொல் தூரத்துக்குள் வருகிற பக்கங்களை மட்டும் தரும். செட்டியார் ஒரு பக்கம், பெகு ஒரு பக்கம் என்று வைத்துத் தேடியபோதுதான் எனக்கு விஷயம் கிடைக்கத் தொடங்கியது. அப்போதும் ஒரு சிக்கல் குறுக்கே வந்தது. 1989-இல் பர்மிய அரசு ஊர்களின் ஆங்கிலப் பெயர்களை மாற்றிவிட்டது: ரங்கூன் யாங்கோன் ஆனது, பெகு பாகோ ஆனது. எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, தெரிந்தவை எல்லாம் பழைய பெயர்கள்; புதிதாக எழுதுகிறவர்கள் போட்டவை புதிய பெயர்கள். ஆகவே ஒவ்வொரு தேடலையும் இரண்டு முறை நடத்தினேன். வீட்டுத் தொலைபேசியிலிருந்து வெளியூர் எண்ணுக்கு எஸ்.டி.டி. போட்டு மோடத்தை இணைக்க வேண்டியிருந்ததால், கட்டணம் கால் பங்காகக் குறைகிற இரவு 11 மணிக்குமேல்தான் உட்காருவேன். தேடவேண்டிய சொற்களைப் பகலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது வழக்கம்.


பள்ளத்தூர் ஆச்சி:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் அந்த மோடத்தின் சத்தம் காதில் கேட்டது. நான் வீட்டில் தேடியவள் அல்ல. பிரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தேடியவள். ஆகவே என் விருப்பம் காசுக்கணக்கில் பிறந்தது.

எனக்குப் பிடித்தது ஆஸ்க் ஜீவ்ஸ். படித்தவர்கள் அதைக் கேலி செய்வார்கள் என்று தெரியும். ஆனாலும் கூட்டல் குறி, கழித்தல் குறி, நட்சத்திரக் குறி எதுவும் இல்லாமல், ஒரு முழுக் கேள்வியை வாக்கியமாக எழுதிக் கேட்கலாம் என்று அது சொன்னது. பணியாள் ஒருவர் படம் போட்டிருக்கும்; கேள்வியைத் தட்டினால், நீங்கள் கேட்க நினைத்தது இவற்றில் எது என்று தனக்குத் தெரிந்த சில கேள்விகளைத் திருப்பிக் காட்டுவார். சிங்கப்பூரில் இப்போது மணி என்ன, மலேசிய ரிங்கிட்டுக்கு எவ்வளவு ரூபாய் என்பது போன்றவற்றுக்குப் பலமுறை நேராகப் பதில் கிடைத்தது. பாதி ஊர் வெளிநாட்டில் இருக்கும்போது நமக்கு வேறென்ன வேண்டும்? நம் ஊரைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் திருதிருவென்று விழிப்பார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீங்கள் இருவரும் ஒன்றைத் தொடவேயில்லை. தேடிய எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தானே தேடினீர்கள்? நான் தமிழில் தேட முயன்றவள். அந்தக் காலத்தில் தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தன. அந்த எழுத்துருவை இறக்கிக் கணினியில் நிறுவினால்தான் பக்கம் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் உரோம எழுத்துகளும் கோணல் குறிகளுமாகக் கலந்து கிடக்கும். உள்ளே இருந்தது உண்மையில் அந்தக் கலவைதான். நம் கண்ணுக்கு மட்டும் தமிழ் வேடம். ஒரு தளத்தில் 'அ' வைத்த இடத்தில் இன்னொரு தளத்தில் 'கூ' இருக்கும்.

ஒருநாள் ஒரு பக்கத்திலிருந்து 'பிள்ளையார்பட்டி' என்ற சொல்லை அப்படியே நகலெடுத்து ஆல்டாவிஸ்டாவின் பெட்டியில் ஒட்டிப் பார்த்தேன். பெட்டியில் தமிழ் மறைந்து, காற்புள்ளியும் அடைப்புக்குறியும் நடுவில் நிற்கிற ஓர் எழுத்துக் குவியல் விழுந்தது. தேடுபொறி எழுத்தையும் எண்ணையும்தான் சொல்லாக எடுத்துக்கொள்ளும். நடுவில் குறி வந்தால் அங்கேயே சொல்லை வெட்டிவிடும். பிள்ளையார் ஒரு துண்டு, பட்டி ஒரு துண்டு என்று வெட்டியிருந்தாலாவது பொருள் இருந்திருக்கும்; புள்ளியும் கொம்பும் தனித்தனியாகச் சிதறிப்போனால் எது கிடைக்கும்? சென்டரில் இருந்த பையன், "ஆச்சி, வைரஸ் வந்துவிட்டதா?" என்று கேட்டான்.

அதனால் தமிழில் எதையும் கண்டுபிடித்தது தேடுபொறியால் அல்ல, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போட்டிருந்த இணைப்புகளால்தான். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றுவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பக்கத்துக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். திருக்குறள் திரையில் வரி வரியாக இறங்கியபோது, அன்றைக்குக் கொடுத்த காசு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி எழுத்துருக் குறியீட்டுக்கும் விசைப்பலகைக்கும் பொது ஏற்பாடு வகுத்தார்கள். என்றாலும் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடாகிய யூனிக்கோடு பரவிய பிறகுதான் தமிழ்ச் சொல்லைத் தட்டித் தமிழ்ப் பக்கத்தைப் பெறுவது நடைமுறைக்கு வந்தது. ஆகவே எந்தத் தேடுபொறி சிறந்தது என்று என்னைக் கேட்டால், தமிழைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே குருடுதான் என்பேன்.


கோட்டையூரான்:

ஆச்சி சொன்னது முற்றிலும் சரி. அதை யாரும் மறுக்க முடியாது. நான் நூலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில திருத்தங்களையும் ஒரு மறுப்பையும் பதிவு செய்கிறேன்.

திருத்தம் அண்ணனுக்கு. பக்கத்தின் முழுச் சொற்களையும் தேடக் கொடுத்தது ஆல்டாவிஸ்டாதான் முதலில் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்ட்டன் உருவாக்கிய வெப்கிராலர் 1994 ஏப்ரலிலேயே அதைச் செய்தது. அதே ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லைக்கோஸ் பிறந்தது. வலை பின்னிக் காத்திராமல் ஓடிப்பிடித்து இரை தேடும் ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தின் பெயரிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார்கள். இணையப் பக்கங்களுக்கு முன்பே, 1990-இல், மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் எழுதிய ஆர்ச்சி என்ற நிரல் கோப்புகளின் பெயர்களைத் தேடிக்கொடுத்தது. ஆல்டாவிஸ்டாவின் பெருமை முதன்மையில் இல்லை, அளவிலும் வேகத்திலும்தான் இருந்தது.

என் சொந்த விருப்பம் ஹாட்பாட். 1996 மே மாதம் வந்தது. கண்ணைப் பறிக்கும் பச்சை நிறம் பிடிக்காதவர்கள் அதை நெருங்கவே மாட்டார்கள். ஆனால் அண்ணன் குறிகளால் செய்த வேலைகளில் பலவற்றை அதில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தே செய்துகொள்ளலாம்: எல்லாச் சொல்லும் வேண்டுமா, ஏதாவது ஒன்று போதுமா, எந்தத் தேதிக்குப் பிறகு மாறிய பக்கம், எந்தக் கண்டத்துத் தளம் என்றெல்லாம். நூலகத்துக்கு வருகிறவரிடம் கூட்டல் கழித்தல் இலக்கணம் நடத்த வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. அதற்குப் பின்னால் இருந்தது பெர்க்கிலியில் பிறந்த இங்க்டோமியின் பொறி. ஒரே பெரிய கணினியை நம்பாமல் பல சாதாரணக் கணினிகளைச் சேர்த்துப் பூட்டி வேலை வாங்கிய ஏற்பாடு அது. இந்தியாவுக்கென்று இந்தியாவேர்ல்டு நடத்திய கோஜ் என்ற பட்டியலையும் பார்ப்பேன். சத்யம் இன்ஃபோவே 1999 நவம்பரில் இந்தியாவேர்ல்டை 499 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் செய்தபோதுதான், நாம் இலவசமாகப் புரட்டிக்கொண்டிருந்த பக்கங்களுக்கு அப்படியொரு விலை இருக்கிறது என்று நான் அறிந்தேன்.

இனி மறுப்பு. நட்சத்திரக் குறி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது, அண்ணே. எழுத்துக்கூட்டல் வேறுபாடு சொல்லின் கடைசியில் இருந்தால்தான் அது உதவும். ஆத்தங்குடித் தரை ஓடு பற்றி ஒருவர் கேட்டு வந்தபோது, முதலெழுத்துக்கு ஒரு 'ஏ'யா இரண்டு 'ஏ'யா, அடுத்து 'டி' இரண்டா, 'டி'யும் 'எச்'சுமா என்று நான்கு விதமாக எழுதி, நடுவில் 'அல்லது' போட்டுத் தேட வேண்டியிருந்தது. தலையில் மாறுகிற சொல்லுக்கு எந்தக் குறியும் துணை இல்லை.

பெரிய குறை வேறு. அண்ணனுடைய பேரேட்டு உவமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன். பேரேடு ஒருவர் பெயரில் உள்ள எல்லாப் பதிவுகளையும் காட்டும், ஆனால் எந்தப் பதிவு நம்பத்தக்கது என்று சொல்லாது. அந்தக் காலப் பொறிகள் பெரும்பாலும் ஒரு சொல் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது, தலைப்பில் வருகிறதா என்பதை வைத்தே வரிசைப்படுத்தின. அதனால் பக்கத்தின் அடியில் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தவன் முதலிடத்துக்கு வந்துவிடுவான். கூகுள் 1998-இல் செய்த மாற்றம் உண்டியல், அதாவது பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டு, வைத்து நடத்தும் தொழில் தெரிந்த ஊருக்கு உடனே விளங்கும். ஓர் உண்டியலை எடுத்துக்கொள்ளலாமா என்பதை அதில் எழுதிய வாசகத்தை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை, அதற்குக் கையெழுத்திட்டவரின் நாணயத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அவருடைய நாணயமோ, அவரை நம்புகிறவர்கள் யார் யார் என்பதில் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, அப்படிக் கொடுக்கிற பக்கங்களுக்கே எவ்வளவு மதிப்பு என்று எண்ணி வரிசைப்படுத்தியது கூகுள். ஆச்சி இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு மதுரைத் திட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த அதே வழியைத்தான் அது கணக்காக்கிக்கொண்டது.

எங்கள் ஊர்க்காரர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆனது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரை மற்ற பொறிகளில் போட்டபோது, ரோஜாப்பூ விற்கிற தளங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கூகுளில் போட்ட முதல் நாளே நூலகத்தைப் பற்றிய பக்கம் மேலே நின்றது. 2000 ஜூனில் யாகூவே தன் தேடலுக்குக் கூகுளைத் துணைக்கு அழைத்துக்கொண்டதை, செக்காலைத் தம்பி, நீங்கள் மகளிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறேன். தொடக்க ஆண்டுகளில் கூகுள் தட்டிய சொல்லை அப்படியே தேடியதே தவிர, சொல்லின் முடிவை விட்டுவிட்டுத் தேடும் வசதியைத் தரவில்லை. ஆங்கிலச் சொற்களைத் தேடுகிறவருக்கு அது பெரிய இழப்பாக இருந்திருக்காது. ஒரே ஊரை நான்கு விதமாக எழுதுகிற நமக்கு இழப்புத்தான்.


செக்காலைக்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. யாகூவே கூகுளைத் துணைக்கு அழைத்தது என்று கோட்டையூர் அண்ணன் சொன்ன செய்தி என் கட்சியைக் கவிழ்த்துவிட்டது. மைத்துனருக்கு இன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன், அவர் மகிழ்ச்சியில் எதிரணியையே மன்னித்துவிட்டார். ஆனால் அவருடைய ஆல்டாவிஸ்டாவும் 2013 ஜூலை 8 அன்று மூடப்பட்டுவிட்டது என்று நானும் பதிலுக்குச் சொல்லிவைத்தேன்.

பட்டியல் பற்றிய என் கருத்தில் ஒரு பாதியை மட்டும் இன்னும் விட்டுவிட மனமில்லை. எதைத் தேடுவது என்றே தெரியாதவனுக்கு அலமாரி வேண்டும், தெரிந்தவனுக்குத்தான் பேரேடு. தேவகோட்டை அண்ணனிடம் ஒரு கேள்வி: அத்தனை இரவுகள் தேடியதில் பெகுவைப் பற்றி என்ன கிடைத்தது என்று நீங்கள் சொல்லவே இல்லையே?


தேவகோட்டையான்:

கிடைத்தது, தம்பி. எங்கள் ஐயாவின் கடையைப் பற்றி எதுவும் இல்லை. அதே தெருவில் கடை வைத்திருந்த வேறொரு நகரத்தார் (செட்டியார்) குடும்பத்துப் பேரர், ஐரோப்பாவில் இருந்துகொண்டு, தன் தாத்தா சொன்னவற்றை ஒரு பக்கமாக எழுதி வைத்திருந்தார். அதில் கோவிலும், ஆற்றங்கரையில் நெல் மூட்டை ஏற்றுகிற இடமும், கடைகள் இருந்த வரிசையும் சொல்லப்பட்டிருந்தன. புள்ளி அச்சு இயந்திரத்தில் நான்கு தாளாக எடுத்து அப்பச்சியிடம் கொடுத்தேன். அந்த முகவரியில் இப்போது எதுவும் திறப்பதில்லை. தாள்கள் மட்டும் இரண்டாம் கட்டில் உள்ள பேழையில், ஐயாவின் பழைய ஐந்தொகைக் கணக்கு நோட்டுகளோடு இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை படமெடுத்து இங்கே இடுகிறேன். ஓரங்களில் பென்சில் கோடுகள் இருக்கும். தேவகோட்டை என்பதை அந்தப் பேரர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த விதம் தவறு என்று, அப்பச்சி நான்கு தாளிலும் தேடித் தேடித் திருத்தி வைத்திருக்கிறார்.